ஐ5 3470 ஆபீஸ் பெட்டியில் ஜிடிஏ 5: 4 ஜிபி ஜிடி 730 வாங்கலாமா?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி இருக்கிறது. கூலிக் கணக்கு எழுத, ஜிஎஸ்டி பில் போட என்று போன ஆடியில் ஈரோட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் எடுத்தேன். ஏதோ கம்பெனி மொத்தமாகக் கழித்துவிட்ட சரக்கு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, நின்றபடி இருக்கும் டவர் மாடல். ஐ5 3470 பிராசசர், 4 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய். மானிட்டர் வீட்டில் கிடந்த பழைய 18.5 இன்ச். அதன் பின்னால் நீல நிற விஜிஏ ஒன்றுதான் இருக்கிறது.

கணக்கு வேலைக்கு ஒரு குறையும் இல்லை. வம்பு என் தம்பியால் வந்தது. செமஸ்டர் லீவில் வந்தவன் ஸ்டீமில் எப்போதோ சலுகையில் வாங்கிப்போட்ட ஜிடிஏ 5-ஐ இதில் இறக்கிவிட்டான். இறங்கவே இரண்டு ராத்திரி ஆயிற்று. ரெசல்யூஷனை 800க்கு 600 என்று வைத்து, செட்டிங்கில் இருப்பதையெல்லாம் கீழே தள்ளியும் நொடிக்கு 14, 15 ஃபிரேம்தான் வருகிறது. வளைவில் காரைத் திருப்பினால் படம் அப்படியே நிற்கிறது. மறுபடி அசையும்போது கார் கடலுக்குள் கிடக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டுவிடலாம் என்று கடையில் விசாரித்தேன். புது ஜிடி 730, 4 ஜிபி, 4,500 ரூபாய் என்றார்கள். 'நாலு ஜிபி இருக்கு, எல்லா கேமும் ஓடும்' என்று சொன்னார் கடைக்காரர். இன்னொரு பக்கம், பெருந்துறையில் ஒருவர் தன் பழைய ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டை 3,000க்குக் கொடுக்கிறார். அது 2 ஜிபிதான். எனக்கு நாலு ஜிபி புதுசு, வாரண்டியோடு வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று படுகிறது. கையில் 5,000 இருக்கிறது. அப்பா கணக்கு நோட்டைப் பார்ப்பார், அதனால் 'கம்ப்யூட்டர் பராமரிப்பு' என்ற தலைப்புக்குள் அடங்குகிற தொகையாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃபிரேம்_பசி:

ப்ரோ, 2012 பிராசசருக்கு ஐயாயிரம் செலவு பண்ணுவது தண்டம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. உங்கள் பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. வந்த விலைக்குப் பெட்டியை விற்றுவிட்டு, கொஞ்சம் காசு சேர்த்து ரைசன் 5 5600ஜி எடுங்கள். தனி கார்டே வேண்டாம்.

பழைய_பென்டியம்:

நொய்யல்கரை தம்பி, அந்த 730-ஐ வாங்கிவிடாதே. மற்றதைச் சாவகாசமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் கோவில்பட்டியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2004இல் ஆறு கம்ப்யூட்டரோடு பிரௌசிங் சென்டராக ஆரம்பித்தது. பெயர்தான் பிரௌசிங், பள்ளிக்கூடம் விட்டதும் ஆறிலும் வைஸ் சிட்டிதான் ஓடும். பையன்கள் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேட்டார்கள். என் பெட்டிகளில் அது திறக்கவே இல்லை. போர்டில் இருந்த இன்டெல் கிராபிக்ஸில் பிக்சல் ஷேடர் கிடையாது. சரி, கார்டு போட்டுவிடலாம் என்று ராத்திரி பஸ் ஏறிச் சென்னை போய், ரிச்சி தெருவில் இரண்டு ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 வாங்கிக்கொண்டு அடுத்த ராத்திரி பஸ்ஸில் திரும்பினேன். பெட்டியைத் திறந்தால் கார்டைச் செருக இடமே இல்லை. என் போர்டு 845ஜிவி. 845ஜி என்றால் ஏஜிபி ஸ்லாட் உண்டு. பின்னால் ஒரு 'வி' சேர்ந்தால் ஸ்லாட் போய்விடும். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றைச் சிவகாசியில் ஒரு டிடிபி சென்டர்காரர் தலையில் கட்டினேன், இன்னொன்று இன்றைக்கும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. அன்றிலிருந்து கார்டைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்வேன்.

உன் பெட்டிக்கு வருவோம். ஃபிரேம்_பசி தம்பி பிராசசரைத் திட்டுகிறார். ஒரு வேடிக்கை சொல்கிறேன், ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில் வந்தது. அதைத் தயாரித்த ராக்ஸ்டார் 'பரிந்துரை' என்று போட்ட பட்டியலில் இருக்கிற இன்டெல் பிராசசர் எது தெரியுமா? ஐ5 3470. உன்னுடையதேதான். குறைந்தபட்சத் தேவை கோர் 2 குவாட் க்யூ6600. அதனால் இந்த விளையாட்டுக்குப் பிராசசர் மேல் பழி போட முடியாது. ஒன்று மட்டும் கவனி. 2025 மார்ச்சில் 'என்ஹான்ஸ்டு' என்று புதுப் பதிப்பு ஒன்று வந்தது. அது ஐ7 4770இல் ஆரம்பித்து எஸ்எஸ்டியும் கேட்கிறது. உன் தம்பி இறக்கியிருப்பது 'லெகசி' என்கிற பழைய பதிப்புதானா என்று பார்த்துக்கொள்.

பிறகு ஏன் 14 ஃபிரேம்? 3470க்குள் இருக்கிற கிராபிக்ஸ் எச்டி 2500. அதே தலைமுறையில் பெரிய ஐ7களில் வந்த எச்டி 4000க்குள் 16 கணக்கிடும் அலகுகள் இருக்கும். உன்னுடையதில் 6. போதாக்குறைக்கு அதற்கென்று தனி நினைவகமும் இல்லை. நீ போட்டிருக்கிற 4 ஜிபியில்தான் விண்டோஸ், விளையாட்டு, படம் மூன்றும் பங்கு போட வேண்டும். வளைவில் படம் நிற்கிறது என்றாயே, ரேம் நிரம்பி ஹார்ட் டிஸ்க்கைத் துழாவுகிற நேரம் அது.

ஆகையால் முதல் செலவு ரேம். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 1600 குச்சி பழையதாக வாங்கு, என் கடையில் 450 ரூபாய்க்குக் கொடுக்கிறேன், ஈரோட்டிலும் கிட்டத்தட்ட அதுதான் இருக்கும். போர்டில் ஸ்லாட்டின் தாழ்ப்பாள் வெள்ளை, கறுப்பு என்று நிறம் பிரித்திருக்கும். வெள்ளை இரண்டில் ஆளுக்கொன்று. ஒரே குச்சியில் நொடிக்கு 12.8 ஜிபி போக்குவரத்து. இரண்டு குச்சியை ஜோடியாகப் போட்டால் 25.6. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள், கீழே வேலை இருக்கிறது.

இப்போது 730. அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு கார்டுகள் விற்றார்கள். 96 கோர் உள்ள, ஃபெர்மி என்கிற பழைய சிப் வகை ஒன்று. 384 கோர், 64 பிட் அகல நினைவக வழி, டிடிஆர்3 ரேம் ஒன்று. அதே 384 கோர், 64 பிட், ஆனால் கார்டுக்கென்றே செய்த வேகமான ஜிடிடிஆர்5 ரேம் ஒன்று. அட்டைப்பெட்டியில் 4 ஜிபி என்று பெரிதாகப் போட்டுக் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் டிடிஆர்3 தான். 64 பிட் டிடிஆர்3 கார்டின் நினைவக வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. மேலே சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுப் பார். 450 ரூபாய்க்குக் குச்சி போட்டால் உன் மதர்போர்டு ரேமே 25.6 ஓடும். 4,500 ரூபாய் கார்டுக்குள் இருக்கிற ரேம் அதைவிட மெதுவானது.

நீ தறிக்காரன், உனக்குச் சொன்னால் சட்டென்று புரியும். கோர் என்பது தறி. நினைவக வேகம் என்பது தார், அதாவது ஊடை நூல் கண்டு, சுற்றிக் கொடுக்கிற ஆள். குடோனில் நூல் எத்தனை மூட்டை அடுக்கியிருக்கிறாய் என்பதுதான் ஜிபி. எட்டுத் தறிக்கும் தார் சுற்ற ஒரே கிழவி இருந்தால், குடோனில் நாற்பது மூட்டை இருந்தென்ன, நான்கு மூட்டை இருந்தென்ன? தறி நின்று நின்றுதான் ஓடும். 750 டிஐயில் 640 கோர், 128 பிட், ஜிடிடிஆர்5. நினைவக வேகம் 86.4 ஜிபி. அந்த 730 போல ஆறு மடங்கு. குடோன் 2 ஜிபிதான், ஆனால் தார் வந்துகொண்டே இருக்கும்.

2 ஜிபி போதுமா என்பாய். உன் மானிட்டரைப் பார். 18.5 இன்ச் என்றால் அநேகமாக 1366க்கு 768. அதாவது பத்தரை லட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் இருபது லட்சத்துக்கும் மேல். யூடியூபில் பையன்கள் காட்டுகிற ஃபிரேம் கணக்கெல்லாம் அந்தப் பெரிய திரைக்கு. உன் கார்டு அதில் பாதியை வரைந்தால் போதும். மானிட்டரைக் கேட்காமல் கார்டு வாங்குகிறவர்கள்தான் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர்.

மானிட்டர் விஜிஏ என்று சொன்னதும் நல்லதாகப் போயிற்று. யாராவது '1050 டிஐ வாங்கு, இன்னும் வேகம்' என்று சொல்வார்கள். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வரிசையிலிருந்து என்விடியா அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. அந்தக் கார்டின் டிவிஐ துளையில் விஜிஏ மாற்றுக்கொண்டை (அடாப்டர்) நுழையவே நுழையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ ஆக மாற்றும் சின்னப் பெட்டி தனியாக வாங்க வேண்டும், மலிவானது வாங்கினால் படம் அலைபாயும். 750 டிஐயில் பெரும்பாலும் அனலாக்கும் தருகிற 'டிவிஐ-ஐ' (DVI-I) வகைத் துளை இருக்கும். சில மாடல்களில் நேரடி விஜிஏயே உண்டு. கார்டுக்காரரிடம் பின்பக்கப் படம் கேள். டிவிஐயில் தட்டையான கீற்றைச் சுற்றி நான்கு சின்னத் துளை இருந்தால் சாதாரண மாற்றுக்கொண்டை போதும். கீற்று மட்டும் இருந்தால் விஜிஏ வராது.

அடுத்தது மின்சாரம். உன் டவரில் 275 வாட் சப்ளை. அதில் கார்டுக்கான 6 பின் ஒயரே கிடையாது. ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் கார்டுக்குப் போகும். 750 டிஐ 60 வாட், பிராசசர் 77 வாட், மீதி டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் இருநூறுக்குள் அடங்கிவிடும். ஆனால் 750 டிஐயிலேயே சில கம்பெனிகள் வேகத்தைக் கூட்டி 6 பின் வைத்து விற்றார்கள். அது வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற சாட்டா கரண்ட் ஒயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றுகிற ஜம்பர் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதையும் தொடாதே. சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் கேட்க உரிமையுள்ளது 75. உருகிப்போன முனைகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன், நம்பாதவர்களுக்குக் காட்ட. கார்டுகளை வைத்து எத்தீரியம் என்கிற கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு ஆர்எக்ஸ் 570, 580 எல்லாம் குவியலாக வந்தன. விலையைப் பார்த்து ஆசை வரும். அவை உன் சப்ளைக்கு ஆகாது.

டிரைவர் விஷயம் ஒன்று பாக்கி. 730இல் கெப்ளர் வகைக்கு, அதாவது 384 கோர் உள்ளவற்றுக்கு, என்விடியா 2021லேயே விளையாட்டு டிரைவரை நிறுத்திவிட்டது, ஃபெர்மி வகைக்கு அதற்கும் முன்பே. 750 டிஐ 2014இல் வந்தது, 1050 டிஐ 2016இல் வந்தது, இரண்டுக்கும் ஒரே நாளில்தான் ஓய்வு. என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் கடைசி, 2025 அக்டோபரோடு புது விளையாட்டுகளுக்கான திருத்தங்கள் முடிந்தன. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். கூடுதல் காசு கொடுத்து 1050 டிஐ வாங்கினால் ஆயுள் நீளும் என்று நினைக்க வேண்டாம்.

காவிரிப்பாலம்:

பென்டியம் அண்ணா சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். 'பழையது வேண்டாம், புதுசாகவே வாங்குகிறேன்' என்று கிளம்புகிறவர்களுக்கு என் கதை. நான் திருச்சியில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். என்னிடம் இருந்தது ஐ5 2400, எச்61 போர்டு. 6 பின் தேவையில்லை, சின்னதாக இருக்கிறது, 53 வாட்தான் என்று பார்த்துப் பார்த்து ஆர்எக்ஸ் 6400 வாங்கினேன். 2022இல் வந்த கார்டு, 1050 டிஐயைத் தாண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தார்கள்.

எழுதியவர்கள் புதுப் போர்டில் சோதித்திருக்கிறார்கள். அந்தக் கார்டின் முனை பார்க்க டேட்டா போகிற 16 பாதை உள்ளது போல நீளமாக இருக்கும், உள்ளே ஒயர் போனது நான்கு பாதைக்குத்தான். கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் 4.0 தலைமுறையாக இருக்கிற போர்டில் அந்த நான்கே நொடிக்கு 8 ஜிபி வரை கடத்தும். என் 2400 பிசிஐஇ 2.0 காலத்து ஆள். 2 ஜிபிதான் போகும். கார்டில் இருக்கிற 4 ஜிபி நிரம்பாதவரை நன்றாகவே ஓடும். நிரம்பிய நிமிடம் போர்டு ரேமிலிருந்து எடுத்துவர அந்த ஒற்றையடிப் பாதையில்தான் வர வேண்டும். 55 ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 9 காட்டும், அப்புறம் 50. தலைசுற்றல் வந்துவிடும். அதே கார்டை என் அண்ணனின் ஐ3 10100இல் போட்டேன். சொர்க்கம் இல்லை, ஆனால் அந்தக் குலுக்கல் பாதிக்கு மேல் குறைந்தது. உங்கள் 3470 பிசிஐஇ 3.0 தரும், என்னைவிடப் பாக்கியசாலி. இருந்தாலும் 16 பாதையும் முழுசாக உள்ள 750 டிஐ போன்ற பழைய கார்டே உங்கள் பெட்டிக்குப் பொருத்தம்.

இன்னொன்று, 6400இல் வீடியோ பதிவு செய்யும் என்கோடர் கிடையாது. பிரசென்டேஷனைத் திரையோடு பதிவு செய்ய முயன்றபோதுதான் எனக்கே தெரிந்தது. இதைப் பெட்டியின் மேல் எங்கும் போடவில்லை.

ஃபிரேம்_பசி:

பென்டியம் அண்ணே, ஜிடிஏ 5க்குச் சரி. நாளைக்கு அவர் தம்பி புது கேம் கேட்டால்? 3470இல் ஏவிஎக்ஸ்2 என்கிற பிராசசர் கட்டளைத் தொகுப்பு கிடையாது. அது இல்லாமல் திறக்கவே மறுக்கிற விளையாட்டுகள் இருக்கின்றன. கார்டு என்ன போட்டாலும் ஓடாது.

பழைய_பென்டியம்:

உண்மை. ஏவிஎக்ஸ்2 அடுத்த தலைமுறை ஹாஸ்வெல்லில்தான் வந்தது. புது விளையாட்டுதான் வேண்டும் என்றால் நீங்கள் சொன்னதுதான் வழி, என் கையிலும் அதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் அவர் கேட்டது ஒரு விளையாட்டு, வைத்திருப்பது ஐயாயிரம். 5600ஜி, போர்டு, இரண்டு குச்சி டிடிஆர்4 என்று கூட்டிப் பாருங்கள். அதுவும் ரேம் விலை போன வருடக் கடைசியிலிருந்து ஏறிக்கிடக்கிற இந்த நேரத்தில். நான் இரண்டு வீட்டுக்கு 5600ஜி போட்டுக் கொடுத்தேன், நல்ல சரக்குதான். விளையாட்டில் மட்டும் பார்த்தால் அதுவும் ஒரு 750 டிஐக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

நொய்யல்கரை:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. தார் சுற்றுகிற கிழவி எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், என் அப்பத்தா. வாசித்துக் காட்டினேன், 'யாருடா அவன்' என்று கேட்டார்.

முதலில் ரேம் குச்சி மட்டும் போட்டேன், 450தான். வெள்ளைத் தாழ்ப்பாள் இரண்டில் ஒன்று ஏற்கெனவே நிரம்பியிருந்தது, மற்றதில் செருகினேன். அதே 800க்கு 600இல் 14 இருந்தது 18 ஆயிற்று. பெரிய மாற்றம் இல்லை என்று நினைத்தேன். ஆனால் படம் நிற்பது நின்றுவிட்டது. மெதுவாக ஓடுகிறது, ஒரே சீராக மெதுவாக ஓடுகிறது. கார் கடலுக்குப் போகவில்லை.

பெருந்துறைக்காரரிடம் படம் கேட்டேன். 6 பின் இல்லை. டிவிஐயில் நான்கு துளை இருக்கிறது. 2,700க்குக் குறைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும்? ஏமாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_பென்டியம்:

அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல், கிழவி என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பயப்படுவதில் தப்பில்லை. பழைய ஃபெர்மி கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்ற கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. விண்டோஸும் அப்படியே நம்பி அந்தப் பெயரைக் காட்டும். பென் டிரைவில் ஜிபியு-இசட் எடுத்துக்கொண்டு போ, கார்டின் உள் விவரத்தைக் காட்டுகிற மென்பொருள் அது. போலி என்று அது கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடும். சிப் ஜிஎம்107, ஷேடர் 640, பஸ் 128 பிட், ஜிடிடிஆர்5. நான்கில் ஒன்று மாறினாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு. பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் வேகம் 1.1 என்று காட்டினால் பதறாதே, சும்மா இருக்கும்போது கார்டு தூங்கும். பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது, அதை அழுத்தி ஓடவிட்டால் அந்தப் பெட்டியின் உண்மை வேகம் தெரியும்.

அவர் வீட்டில் அவர் பெட்டியிலேயே யூனிஜின் ஹெவன் என்கிற கார்டு சோதனை மென்பொருள் இருபது நிமிடம் ஓடட்டும். முதல் ஐந்து நிமிடம் எல்லாக் கார்டும் நல்ல பிள்ளை. சூடு ஏறின பிறகுதான் திரையில் புள்ளி, கோடு, கறுப்புத் திரை எல்லாம் வரும். அந்த இருபது நிமிடமும் டீ கொடுத்தால் குடி, ஆனால் கண் திரையில் இருக்கட்டும். ஃபேனை விரலால் மெதுவாக ஆட்டிப் பார், அணைத்த பிறகு. ஆட்டம் இருந்தால் இருநூறு குறை. கார்டின் பின்பக்கம் வெள்ளை பூத்திருந்தால் தண்ணீர் பட்டது, வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை அப்படியே விட்டுவிடு, தொந்தரவு செய்யாது. மானிட்டர் ஒயரை மட்டும் கார்டில் செருக வேண்டும். மதர்போர்டு விஜிஏயிலேயே செருகிவிட்டு 'அண்ணே கார்டு வேலை செய்யலை' என்று போன் செய்தவர்கள் எத்தனையோ பேர், அதில் ஒருவர் கம்ப்யூட்டர் வாத்தியார். பிராசசர் மேல் இருக்கிற, சூட்டைக் கடத்துகிற பசை 2012லிருந்து காய்ந்து பொரியாகியிருக்கும். மூடியைத் திறந்த கையோடு அதையும் மாற்று.

நொய்யல்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், பாவு ஏற்றுகிற வேலை இருந்தது.

கார்டு வந்துவிட்டது. ஹெவன் இருபது நிமிடம் ஓடியது, அவர் வீட்டில் டீயோடு முறுக்கும் கொடுத்தார்கள். 1366க்கு 768, டெக்ஸ்சர் ஹை, நிழல் நார்மல், ஓரங்களை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏவை அணைத்துவிட்டேன். காட்டுப் பக்கம் 60இல் நிற்கிறது. நகரத்துக்குள் வேகமாகப் போனால் 43, 44க்கு இறங்கியது. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்கிறது, பிராசசரின் நான்கு கோரும் 95க்கு மேல். ஆக அங்கே மட்டும் பிராசசர் திணறுகிறது என்று புரிந்தது. மக்கள் அடர்த்தியையும் தூரக் காட்சியையும் பாதியாகக் குறைத்தேன், இப்போது 52க்குக் கீழே போவதில்லை. பசை மாற்றியதில் பிராசசர் சூடு 84 டிகிரியிலிருந்து 68க்கு வந்தது. பழைய பசை நீங்கள் சொன்னது போலவே பொரிதான், நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

ஒரு சங்கடம். முன்பு கரண்ட் போனால் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். இப்போது விளையாடும்போது போனால் ஒரு கீச், உடனே எல்லாம் அணைந்துவிடுகிறது. 600 விஏ, பேட்டரி மூன்று வருடம். மொத்தச் செலவு 3,230, அப்பா நோட்டைப் பார்த்து 'என்னடா பராமரிப்பு' என்று கேட்டார், 'ரேம்' என்றேன். பொய்யில்லை.

தம்பி அடுத்து ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஓடுமா என்று கேட்கச் சொல்கிறான்.

பழைய_பென்டியம்:

யுபிஎஸ்ஸில் பேட்டரி மட்டும் மாற்று, 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் (Ah). பெட்டியை மாற்ற வேண்டாம். விளையாட்டு திறந்திருக்கும்போது ஹார்ட் டிஸ்க்கில் பட்டென்று கரண்ட் போவது நல்லதில்லை, உன் கணக்கும் அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது. பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வை, இன்றைக்கே.

ரெட் டெட் குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 770 கேட்கிறது, 1,536 கோர் உள்ள கார்டு அது. டிஸ்க்கில் 150 ஜிபி வேறு. திறக்கும், குதிரை நொண்டும். செமஸ்டர் ரிசல்ட் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று தம்பியிடம் சொல்.